டுரியான் துங்காலில் நான் வெட்டிய ஏரி

என்னை முதன்முதலில் வேலைக்கு எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவாயா?” எனக்குப் பொய் சொல்ல வராது. அலோர் காஜாவில் இறங்க வேண்டியவள் தம்பின் வரைக்கும் போய், போனதுதான் போனோம் என்று அங்கே ஒரு தேநீரும் குடித்துவிட்டுத் திரும்பி வந்த கதையைச் சொல்லியிருப்பேன். அவர்களும் என்னை அன்போடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு தாமான், அதாவது ஒரு குடியிருப்பு முழுவதும், நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

அவர்கள் கேட்கவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஆயர் குரோவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அது. இன்னும் முப்பது வருடம் கழித்து மலாக்கா மக்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும், அது எங்கிருந்து வரும் என்று ஆராய்ந்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எங்களுடையது. அதாவது, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை, இன்னும் கட்டாத ஒரு வீட்டில், இன்னும் செய்யாத ஒரு குழாயைத் திறந்து பல் துலக்குவதை நான் இன்றைக்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் பிள்ளை பல் துலக்கி, பசியாறி, பள்ளிக்கூடத்துக்கு மழையில் நனைந்துகொண்டே போவது வரைக்கும் நினைத்துவிடுவேன். பிறகு என் முதலாளி என்சிக் ஹலீம் வந்து மேசையைத் தட்டுவார்.

“பூங், எங்க இருக்க?”

பூங்கொடி என்ற என் பெயரை அவர் பூங் என்று சுருக்கிவிட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தால் மட்டும் நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

என் மேசைக்கு எதிரே பெரிய ஜன்னல். தினமும் மூன்று மணி வாக்கில் தூரத்துச் செம்பனைக் காடுகளுக்கு மேல் வானம் கறுத்து, மழை நடந்து வருவது தெரியும். முதலில் மரங்கள் மறையும், அப்புறம் நெடுஞ்சாலை, அப்புறம் எதிர்க் கடைகளின் பெயர்ப்பலகைகள். கடைசியில் உலகத்தில் மிச்சம் இருப்பது நானும் என் கம்ப்யூட்டரும் அதில் விரிந்திருக்கும் மலாக்காவின் வரைபடமும்தான். மேட்டையும் பள்ளத்தையும் காட்டும் மெல்லிய கோடுகள் விரல் ரேகை போலச் சுழன்று சுழன்று போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கோடுகள் மெதுவாக அசையும். (சத்தியமாக அசையும். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள்.)

அந்த வரைபடம் ஒரே படமாக இருக்காது. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். ஆறுகள் ஒரு தாளில், சாலைகள் ஒரு தாளில், வீடுகள் ஒரு தாளில். வேண்டியதை ஆன் செய்யலாம், வேண்டாததை ஆஃப் செய்யலாம். வீடுகளை ஆன் செய்தால் என் பழைய கம்ப்யூட்டர் மூச்சிரைக்கும். அதனால் நான் பெரும்பாலும் வீடுகளை ஆஃப் செய்தே வைத்திருப்பேன்.

அப்படி ஒரு மழை மதியத்தில்தான், டுரியான் துங்காலுக்கு அந்தப் பக்கம், அழகான ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தேன். மூன்று பக்கமும் மேடு. நடுவில் உள்ளங்கையைக் குவித்தது போல ஒரு தாழ்வு. பார்த்தவுடனே அதில் தண்ணீர் ஊற்றத் தோன்றியது. புதிதாக ஒரு தாளைத் திறந்து, நீல நிறத்தை எடுத்து, கோடுகளோடு கோடாகக் கரையை வரைந்தேன். அவசரப்படவே இல்லை. ஒரு கரையில் நாணல், ஒரு மூலையில் அல்லி, நடுவில் தலை நீட்டிக்கொண்டிருந்த மேட்டை ஒரு தீவாக விட்டுவிட்டேன். மழை ஜன்னலில் வழிய வழிய என் ஏரி நிறைந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று மதியங்கள் அதன் கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பெயரும் வைத்தேன்: பூங்கொடி ஏரி. (வேறு யார் பெயரை வைப்பது? வெட்டியவள் நான்தானே.) அங்கங்கே இன்னும் சில பெயர்களையும் எழுதினேன். எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதினேன். அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதைவிடப் பாதுகாப்பான பூட்டு உண்டா?

வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளை ஆஃப் செய்துவிடுவேன். அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

சில மாதங்களில் மக்களைச் சந்தித்துக் கருத்துக் கேட்கும் வேளை வந்தது. முதல் கூட்டம் டுரியான் துங்கால் பக்கம், தோட்டத்து ஆட்கள் குடியேறிய ஒரு தாமானில். அங்கே முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள். அதிலும் என் அம்மாவின் அண்ணன் முனியாண்டி மாமாவின் வீடு அங்கேதான் இருந்தது. என்சிக் ஹலீம் மலாயில் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். அங்கே எல்லோருக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும், “சொந்த மொழியில பேசினாத்தான் மனசுல இருக்கிறது வெளிய வரும்” என்றார் அவர்.

செய்தி கேட்டதும் அம்மா தஞ்சோங் கிளிங்கில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். கூட்டத்தன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“தண்ணியப் பத்திப் பேசற கூட்டம்மா. கல்யாணம் இல்ல.”

“எம் மவ மைக்குல பேசறா. நா என்னா வீட்டுத் துணியிலயா வருவேன்?”

தாமான் மண்டபத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் மாமா, பக்கத்தில் அம்மா, அவருக்குப் பக்கத்தில் லெட்சுமி அக்கா. தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறவர் லெட்சுமி அக்கா. இருநூறு பேர் சாப்பிடும் இடத்தில் கத்திக் கத்திப் பழகியதால், சாதாரணமாகப் பேசினாலே அறிவிப்பு மாதிரி இருக்கும்.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. ஊர் வளர்கிறது, தொழிற்சாலைகள் வருகின்றன, வெயில் காலம் நீள்கிறது, இப்போதே யோசிக்காவிட்டால் பிள்ளைகள் காலத்தில் கஷ்டம் என்று என்சிக் ஹலீம் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். பிறகு என்சிக் ஹலீம் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். இரண்டு ஆறும் நாலு சாலையும் மட்டும் இருந்தன. அவருக்கு அது போதவில்லை.

“எதையும் மறைக்கலைன்னு இவங்களுக்குத் தெரியணும், பூங்” என்று சொல்லிவிட்டு, எல்லாத் தாள்களையும் ஒரே தட்டில் ஆன் செய்யும் பொத்தானை அழுத்தினார்.

கம்ப்யூட்டர் மூச்சிரைத்தது. முதலில் வீடுகள் வந்தன, சின்னச் சின்னச் சதுரமாக. பிறகு கோயில், பாலர் பள்ளி, நாங்கள் உட்கார்ந்திருந்த மண்டபம். அதற்குப் பிறகு மேற்கு மூலையிலிருந்து நீலம் பரவ ஆரம்பித்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அது அழகாக இருந்தது. என் கம்ப்யூட்டரில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்திருந்த ஏரி, அந்தப் பெரிய திரையில் சுவர் முழுக்கத் ததும்பியது. மின்விசிறிக் காற்றில் திரை லேசாக ஆடியபோது அலையே அடித்தது. நான் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து கரையில் நின்றேன். நீலத்துக்கு அடியில் கூழாங்கற்கள் போலத் தெரிந்தவை இந்த மக்களின் வீடுகள் என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. அந்தத் தாமானுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாத் தடவையும் அப்பா கார் ஓட்ட, நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு போனதுதான். அது எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

லெட்சுமி அக்காதான் முதலில் படித்தார்.

“பூங்கொடி ஏரி.”

எல்லாத் தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. அம்மாவின் முகம் மலர்ந்தது. பெற்ற மகள் பெயரை அரசாங்கம் ஓர் ஏரிக்கே வைத்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். “எம் மவ பேரு” என்று பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னார். அந்தப் பெருமை அரை நிமிடம் நீடித்தது. அதற்குப் பிறகு இன்று வரை நான் அவருக்கு அப்படி ஒரு அரை நிமிடத்தைக் கொடுத்ததில்லை.

முனியாண்டி மாமா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வரைபடம் பார்க்கத் தெரியும். கோயிலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலாலேயே இரண்டு சந்து தள்ளி வந்து நிறுத்தினார். அங்கே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ப...டகுத்... துறை.”

“மாமா, அது வந்து...”

“இது என் வீடு.”

“அய்யோ, என் வீட்டுல என்னா எழுதியிருக்கு?” லெட்சுமி அக்கா ஓடிவந்தார். “செண்டோல் கடையா? ஏண்டி பூங்கொடி, நா என்னா தண்ணிக்குள்ள உக்காந்தா ஐஸ் செண்டோல் விப்பேன்?”

என்சிக் ஹலீமுக்கு அப்போதுதான் அந்தத் தமிழ் எழுத்துகள் கண்ணில் பட்டன. அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் எப்படி மறப்பேன்! இந்த மக்களுக்காக நானே யோசித்து, முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“பாகுஸ், பூங்!” என்று மைக்கிலேயே பாராட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, முழு வரைபடத்தையும் கையால் வளைத்துக் காட்டி, தெளிவான மலாயில் சொன்னார்: “இதுதான் உங்கள் பகுதியின் எதிர்காலத்துக்காக நாங்கள் யோசித்து வைத்திருப்பது.”

அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கோயில் தலைவர் கடைசியாக எழுந்தார். ஏரியின் நடுவில் இருந்த தீவைக் காட்டினார். அது மாரியம்மன் கோயில் இருக்கும் மேடு. வாயில் வெற்றிலையோடு நிதானமாகப் படித்தார்: “இங்கே யாரும் வரக்கூடாது.”

(நான் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிப்பதற்காக ஒதுக்கிய தீவு அது. வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.)

“ஏரி இல்லண்ணே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “அது... ஒரு கலரு.”

“கலரா?”

“ஆமாண்ணே. நீலக் கலரு.”

அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. மைக்கை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். அது ஒருமுறை இருமியது. தண்ணீர் வரவில்லை. மூலையில் தோங் எனப்படும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் நிறையத் தண்ணீர், மேலே ஒரு பலகை, பலகை மேல் ஒரு சட்டி. பலகையில் யாரோ மார்க்கரில் எழுதியிருந்தார்கள்: ‘ஆளுக்கு ரெண்டு சட்டிதான் லா.’

நான் இரண்டு சட்டி மொண்டு முகம் கழுவினேன். அழுததும் கழுவியதும் ஒன்றாகப் போனது.

வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கலைந்தது என்றால் வீட்டுக்குப் போனது என்று அர்த்தமில்லை. வாசலில் கும்பல் கும்பலாக நின்று கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்சிக் ஹலீமைக் கார் நிறுத்தியிருந்த மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். செண்டோல் கடைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தீவுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பூங், அது அவங்க கும்பிடற இடம்.”

“தெரியும், என்சிக். இப்பத் தெரியும்.”

“நாளைக்கு நீ தனியா வரணும். ஒவ்வொரு வீடா. நான் மேல இருக்கறவங்ககிட்டப் பேசிக்கிறேன்.”

அன்று சாயந்தரத்துக்குள் என் ஏரி நாடு முழுக்கப் பரவிவிட்டது. ‘தாமானை மூழ்கடிக்கச் சதி. உடனே பகிரவும்’ என்ற தலைப்போடு அந்தப் படம் எங்கள் குடும்பக் குழுவுக்கே மூன்று தடவை வந்தது. பினாங்கில் இருக்கும் சித்தப்பா, யார் இந்தப் பூங்கொடி, எந்த அமைச்சரின் மகள் என்று விசாரித்தார். லெட்சுமி அக்கா தன் ஐஸ்பெட்டியைத் தெரிந்தவர் லாரியில் ஏற்றி, சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதையெல்லாம் கேட்டு ஒருபக்கம் அழுகையும் ஒருபக்கம் சிரிப்பும் வந்தது. கடைசியாக அத்தை போன் செய்து சொன்னதைக் கேட்டபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமாவின் மகள் தேவிக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட வசதியாக மாமா முன்கூடத்தை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று மண்டபத்திலிருந்து திரும்பியவர், கொத்தனாரைப் பாதி வேலையில் நிறுத்தி அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

“நீதான முக்குன? நீயே போய்த் தூக்கு” என்றார்.

முதலில் மாமா வீட்டுக்குத்தான் போனேன். பாதி எழும்பிய சுவருக்குப் பக்கத்தில் கொட்டியிருந்த மணலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மழை, ஜன்னல், பள்ளத்தாக்கு, அல்லி என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று புரிந்தது.

“அப்ப ஏரி வராதா?”

“வராது மாமா. அது நா சும்மா வரைஞ்சது. அந்த எடத்துல வீடு இருக்குறது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு வீட்டையெல்லாம் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்.”

“யாரு வீட்ட?”

“எல்லார் வீட்டையும்.”

மாமா குனிந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளினார்.

“சிம்பாங் அம்பாட் பக்கம் தோட்டத்துல இருந்தோமில்ல, தேவி பொறக்கறதுக்கு முன்னாடி. அங்கயும் ஒருத்தன் மேப்பு கொண்டாந்து விரிச்சான். நல்ல மனுசன்தான், சிரிச்சிச் சிரிச்சிப் பேசுனான். அதுல ரோடு இருந்திச்சி, கால்வா இருந்திச்சி. எங்க லயத்து வீடுகளக் காணோம். அடுத்த வருசம் நெசமாவே காணோம்.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “நேத்து ஒம் படத்தப் பாத்தப்ப எனக்குக் கோவம் வரல. மறுபடியுமா, அப்படின்னு இருந்திச்சி. அவ்வளவுதான்.”

முந்தின நாள் வரைக்கும் எனக்கு ‘மக்கள்தொகை’ என்பது ஒரு கட்டத்தில் நிரப்பும் எண்.

உள்ளேயிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். “தண்ணி கலக்கவா பூங்கொடி? மைலோவா, டீயா?”

கலக்கப் போனவர் குழாயைத் திறக்கவில்லை. தோங்கைத் திறந்தார். அப்போதுதான் கேட்டேன். விடிவதற்குள் கொஞ்சம் வருமாம், பிறகு சாயந்தரம் வரை வராதாம். தாமான் மேட்டைத் தாண்டிக் கடைசியில், குழாய் முடிகிற இடத்தில் இருப்பதால், மற்ற இடமெல்லாம் குடித்து மிஞ்சியதுதான் இவர்களுக்கு. எத்தனை வருடமாக? வந்த நாளிலிருந்து.

“ஏன் அத்த, நேத்து கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க முப்பது வருசம் கழிச்சி வர்ற தண்ணியப் பத்தித்தான பேசுனீங்க? இன்னிக்கித் தண்ணியப் பத்தி யாரும் கேக்கலியே.”

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

அன்று முழுக்க வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே வரிசை: முதலில் திட்டு, பிறகு தண்ணி, பிறகு குழாய். டீ, மைலோ, கோப்பி, ரோஸ் சிரப், மறுபடி டீ. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மூழ்கடிக்கப் பார்த்தவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது? மத்தியானத்துக்குள் எனக்கே ஓர் அணை தேவைப்பட்டது. ஆனால் எந்த வீட்டுக் கழிவறைக்குப் போவது? ஒவ்வொரு தடவையும் அவர்கள் விடியலில் பிடித்து வைத்த தண்ணீரில் இரண்டு சட்டி போய்விடுமே! கால்களைப் பின்னிக்கொண்டு நோட்டில் எழுதினேன்: எந்த நேரத்துக்கு வருகிறது, எத்தனை தோங் பிடிக்கிறார்கள், துணி எந்தக் கிழமை துவைக்கிறார்கள், பிள்ளை பிறந்த வீட்டில் என்ன செய்தார்கள்.

லெட்சுமி அக்கா என்னைத் திட்டவில்லை. “ஐஸ்பெட்டி வருது. பின்பக்கம் நீ பிடி” என்றார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து லாரி திரும்பியிருந்தது. உள்ளே இருந்த மீனைக்கூட எடுக்காமல் ஏற்றி அனுப்பியிருந்தார். நானும் அவரும் லாரிக்காரரும் அதை இறக்கி, வாசற்படி ஏற்றி, அடுப்படி மூலையில் பழைய தடத்தில் கொண்டுபோய் வைத்தோம். என் வெள்ளைச் சட்டை முழுக்க மீன் தண்ணீர். அக்கா தள்ளி நின்று பார்த்தார்.

“இப்ப பாக்க ஏரிக்காரி மாதிரி இருக்க.”

சாயந்தரம் கோயில் தலைவர் தன் தண்டனையைச் சொன்னார். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில், பக்திப் பாட்டுக்கு நடுவே, நானே அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். “வணக்கம். நா பூங்கொடி. முனியாண்டி மாமாவோட தங்கச்சி மக. நம்ம தாமான யாரும் முக்க மாட்டாங்க. அந்த ஏரி நா சொந்தமா வரைஞ்சது. கோயிலுக்கு எல்லாரும் வரலாம்.” கடைசி வரியைத் தலைவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மேட்டிலிருந்து என் குரல் கூரைகள் மேல் மிதந்துபோய்ச் செம்பனைக் காட்டில் மோதித் திரும்பி வந்தது. அங்கே நின்று பார்த்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. சமையல் புகை, காயும் துணி, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். மேற்கில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லா வாசலிலும் பெண்கள் அவசர அவசரமாக வாளிகளைக் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக வைத்தார்கள். நான் அத்தனை மதியங்கள் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தும் அந்த வாளிகளை ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் நோட்டை என்சிக் ஹலீமின் மேசையில் வைத்தேன். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்து, மேசையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தேன். அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். நடுவில் ஒரு மீன் செதிளை எடுத்துப் போட்டார்.

“இதைத் தட்டச்சு செய். அறிக்கையில சேர்க்கணும்” என்றார். அந்த நீலத் தாளை நானே அவர் கண்முன் அழித்தேன். உண்மையைச் சொன்னால், அழிப்பதற்கு முன் ஒரு தடவை அதன் கரையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தத் தடித்த அறிக்கையில் அணைகள், குழாய்கள், பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் ஆற்று நீர் என்று பெரிய பெரிய விஷயங்கள் இருந்தன. அவற்றில் பல இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கின்றன. அந்த நோட்டிலிருந்து பிறந்த ஒன்றரைப் பக்கம் மட்டும் எப்படியோ சீக்கிரம் நடந்துவிட்டது. சில வருடங்களில் கோயில் மேட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தொட்டி வந்தது, கூடவே தண்ணீரை மேலே தள்ள ஒரு பம்ப். அதிகாரிகள் அதற்கு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். தாமான் ஆட்கள் வேறு பெயர் சொல்கிறார்கள். “பூங்கொடி ஏரியக் கழுவுறாங்களாம், ரெண்டு தோங் புடிச்சி வச்சிக்க” என்று லெட்சுமி அக்கா சத்தம் போட்டால், யாரும் சிரிப்பதுகூட இல்லை. அவ்வளவு பழகிவிட்டது.

மாமா கொத்தனாரை அந்த வாரமே திரும்பக் கூப்பிட்டுவிட்டார். தேவியின் கல்யாணம் அந்த முன்கூடத்தில் நடந்தது. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போனபோது நாலைந்து பேர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாத ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் நான் எந்தத் திட்டம் போட்டாலும், கேமரன் மலைக்குப் போவதாக இருந்தாலும் சரி, தீபாவளிக்கு என்ன பலகாரம் என்பதாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் முதலில் கேட்பார்கள்: “வீட்ட ஆன் பண்ணிட்டியா?”

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அது நடந்தது. மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்யலாம், எங்கே இருக்கலாம், யார் வேலைக்கு எப்படிப் போவது என்று நான் யோசித்து வைத்திருந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். முனியாண்டி மாமா கோப்பியை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, எல்லாத்தையும் நல்லாத்தான் யோசிச்சிருக்கா. வீட்ட ஆன் பண்ணிட்டாளான்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க.”

எங்கள் பக்கம் மொத்தக் குடும்பமும் தலையைக் குனிந்துகொண்டது. அம்மாவின் தோள்கள் குலுங்கின. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அப்போதுதான் புதிதாக ஒரு வீடு வாங்கியிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்:

“இன்னும் கரண்டு குடுக்கல மாமா. அடுத்த மாசம் ஆன் பண்ணிருவோம்.”

மாமா கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சிரிப்பில் கண்ணீர் வழிய, “பொண்ண இவருக்கே குடுத்துருங்க” என்றார்.